பாதி என்றால் எதில் பாதி?

2023 ஜூலை. மகளுடைய எஸ்பிஎம் (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) ரிசல்ட் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஃபேக்டரி பஸ் பினாங்குப் பாலத்தில் ஏறும்போது அவளுடைய அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "ஆகஸ்ட்ல பிள்ளைக்கு 18 ஆகுது. கோர்ட் ஆர்டர் அதோட முடியுது. காலேஜ் பத்தி அப்புறம் பேசுவோம்."

ஃபேக்டரி இருக்கும் பாயான் லெப்பாஸ் போய்ச் சேரும்வரை அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

2013இல் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் கூட்டு மனு போட்டுப் பிரிந்தோம். அப்போது மகளுக்கு எட்டு வயது. உத்தரவில் பிள்ளையைப் பற்றி இருந்தது மூன்றே வரி. மகள் என்னிடம் இருப்பாள், அப்பா மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்) தருவார், பள்ளிச் செலவு ஆளுக்குப் பாதி. எல்லாம் 18 வயது வரை. "மேல்படிப்புக்கு ஏதாவது எழுதணுமா?" என்று லாயர் அன்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அதுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கே" என்றேன். மகளின் அப்பாவும் தலையாட்டினார். அந்த அறையை விட்டுச் சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றிருந்தது இரண்டு பேருக்கும்.

அந்தப் பத்து வருடத்தில் அவர் பணம் போடாத மாதம் நான்கோ ஐந்தோதான். கோவிட் நேரத்தில் மூன்று மாதம், மற்றது அங்கொன்று இங்கொன்று. கிள்ளானுக்கு மாறிப்போய், மறுமணம் செய்து, இரண்டு சின்னப் பிள்ளைகளும் ஆகிவிட்ட பிறகும் அனுப்பினார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிள்ளையின் காலேஜ் விஷயத்தில் சிக்கல் வருவது பொறுப்பில்லாத அப்பாவோடு மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். பொறுப்பான இரண்டு பேருக்குள்ளும் வரும். எங்களுக்கு வந்தது.

மகளுக்கு ஃபிசியோதெரபி டிப்ளோமா கிடைத்தது. பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு தனியார் காலேஜ், மூன்று வருடம், மொத்த ஃபீஸ் 39,000 வெள்ளி. "ஆறாம் படிவம் படிச்சா காசே கட்ட வேண்டாமே" என்றார் அவர். பல்கலைக்கழகத்துக்கு முந்திய பள்ளி வகுப்பு அது. தப்பான யோசனை இல்லை. ஆனால் மகள் இரண்டு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவருடைய அக்கா, நான் இன்றைக்கும் அண்ணி என்று கூப்பிடுகிறவர், நடுவில் பேசினார். மகளின் அப்பாவும் போனில், "சரி, பாதி பாதி போட்டுக்குவோம்" என்றார். நானும் சரி என்றேன். இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. அந்த இரண்டு நிமிடம்தான் அடுத்த மூன்று மாதச் சண்டைக்கு விதை.

முதல் செமஸ்டர் ஃபீஸ் 6,500 வெள்ளி. அதில் பாதி 3,250ஐ அவர் சொன்ன தேதியில் போட்டார். அவரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. நான் கட்டியது இது: ஃபீஸில் மீதி 3,250, பதிவுக் கட்டணம் 1,000, ஹாஸ்டலுக்கு இரண்டு மாத டெபாசிட் 700, முதல் மாத வாடகை 350, லேப்டாப் 2,400, கிளினிக் யூனிஃபார்ம் சப்பாத்து எல்லாம் சேர்த்து 480, மெத்தை விரிப்பு வாளி என்று ஒரு 300. மொத்தம் 8,480. அவரும் பாதி கொடுத்தார், நானும் பாதி கொடுத்தேன். ஆனால் அவருடைய பாதி ஃபீஸில் பாதி. என்னுடைய பாதியில் மற்றதெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல், ஆகஸ்ட்டோடு மாதாமாதம் வந்த 400ம் நின்றுபோனது. ஃபேக்டரியில் கட்டிக்கொண்டிருந்த கூட்டை (சீட்டை) முன்னாலேயே எடுத்துத்தான் சமாளித்தேன்.

பணத்தை எப்படியோ புரட்டிவிட்டேன். என்னை உலுக்கியது வேறு.

செப்டம்பரில் காலேஜிலிருந்து தாமதக் கட்டணம் போட்டு ஒரு கடிதம் வந்தது. ஹாஸ்டலில் முதலில் ஒதுக்கிய அறையும் போய்விட்டது. பதிவுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி சொல்லி மகளுக்கு ஏற்கனவே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். அவள் எங்கள் இருவரிடமும் சொல்லவில்லை. "ஏம்மா சொல்லல?" என்று கேட்டதற்குப் பதில் இல்லை. போனை நீட்டினாள். அப்பாவுக்கு அனுப்பியது வரிசையாக இருந்தது. "அப்பா பிஸியா?" அதன் கீழே, ஏதோ அனுப்பி அழித்திருந்த அடையாளம். "அப்பா சாப்டீங்களா?" மறுபடியும் ஒன்று அழித்தது. அவர் "சொல்லும்மா" என்று கேட்டிருக்கிறார். இவள், "ஒண்ணும் இல்லப்பா." என்னிடம் கேட்க வந்த இரண்டு நாளும் நான் அண்ணியிடம் போனில் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேனாம். "நான் காசு கேட்டாலே ரெண்டு பேருக்கும் சண்டை வருது" என்றாள்.

18 வயதுப் பெண் ஆயிரம் வெள்ளியைக் கேட்க வாய் வராமல் ஒரு வாரம் அதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறாள். நானும் அவரும் பேச வேண்டியதை அவளைச் சுமக்க வைத்துவிட்டோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் லீவு போட்டு, கூட வேலை செய்யும் ஓர் அக்கா சொன்ன லாயரைப் பார்க்கப் போனேன். அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன், பலருக்கு இது தெரியவில்லை.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம், விவாகரத்தைப் பார்ப்பது 1976ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளையைப் பராமரிப்பது பெற்றோர் இருவரின் கடமை என்கிறது அதன் 92ஆம் பிரிவு. இருக்க இடம், உடை, உணவு, கல்வி, நான்கையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவரவர் வசதிக்கு ஏற்றபடி. ஆனால் 95ஆம் பிரிவில் பராமரிப்பு உத்தரவு 18 வயதோடு முடியும் என்றிருந்தது. உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு மட்டும் விலக்கு. படிக்கிற பிள்ளை பெற்றோர் கையை எதிர்பார்த்து நிற்பதை அந்த விலக்கில் சேர்க்க முடியாது என்று 2004இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிறகு 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் 2018 டிசம்பர் 15 அன்று அமலுக்கு வந்தது. இப்போது பிள்ளை மேல்படிப்போ பயிற்சியோ தொடர்ந்தால், அது முடியும் வரை உத்தரவும் நீளும்.

"அப்ப எனக்கு உரிமை இருக்கா?" என்றேன். "இருக்கு, ஆனா உங்க ஆர்டர் 2013 ஆர்டர். '18 வயது வரை'ன்னு தெளிவா எழுதியிருக்கு. அதை வச்சு எதிர்த்தரப்பு வாதாடலாம். பிள்ளைக்கு 17 நடக்கும்போதே வந்திருந்தா, ஆர்டர் உயிரோட இருக்கும்போதே மாத்தக் கேட்டிருக்கலாம். 96ஆம் பிரிவுல அதுக்கு வழி இருக்கு" என்றார். மேலே ஒன்று சொன்னார், அதை நான் மறக்கவே இல்லை: "கேஸ் போட்டா ரெண்டு பேரும் லாயருக்குக் கட்டுற காசு ஒரு செமஸ்டர் ஃபீஸ். அவர் கொடுக்க மாட்டேன்னு சொல்லலையே. உட்கார்ந்து பேசி, எழுதி, ரெண்டு பேரும் சம்மதிச்சு கோர்ட்ல பதியற இணக்க உத்தரவா வாங்கிக்குங்க."

2018க்கு முன்னால் விவாகரத்து ஆனவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் பிள்ளை நான்காம் படிவத்தில் (16 வயதில்) இருக்கும்போதே அந்தப் பழைய காகிதத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் படியுங்கள். லாயருக்கு வசதியில்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. இரண்டிலும் வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் போக வேண்டியது ஷரியா நீதிமன்றத்துக்கு. அங்கேயும் மேல்படிப்புக்காக 18 வயதுக்குப் பிறகு நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவர் ரயிலேறி, நாங்கள் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு வந்தார். பினாங்கு சென்ட்ரலில் சாப்பாட்டுக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மகளையும் உட்கார வைப்பதா என்று நான் தயங்கினேன். "அவ படிப்புதானே, அவளுக்குத் தெரியணும்" என்றார் அண்ணி. ஒரே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: பழைய கதை எதையும் யாரும் எடுக்கக் கூடாது.

மகள் ஒரு பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வாடகை 350. போக்குவரத்து 120. போன் 40. சில்லறைச் செலவு 100. சாப்பாடு, ஒரு நாளைக்கு 12 வெள்ளி. அவர் விரலை அந்த வரியில் வைத்தார். "12 வெள்ளியில மூணு வேளை எப்படிம்மா?" "காலையில சாப்பிடறதில்லப்பா, கிளாஸ் சீக்கிரம் ஆரம்பிச்சிடும்." அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி, 12ஐ அடித்துவிட்டு 18 என்று எழுதினார். மாதக் கணக்கு 1,150 ஆனது. அதற்குப் பிறகு அந்த மேசையில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் கொண்டுபோயிருந்த ரசீதுக் கட்டு பாதி பையிலேயே இருந்தது.

எப்படிப் பங்கு போட்டோம் என்று கேட்பவர்களுக்கு: இரண்டு பேரும் பே ஸ்லிப்பை மேசையில் வைத்தோம். அவருக்கு 5,500 வெள்ளி அளவு, எனக்கு ஓடி (ஓவர்டைம்) சேர்த்து 3,300. அப்படியே வகுத்தால் அவர் பங்கு அறுபதைத் தாண்டும். அங்கே இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் சாப்பிட வேண்டும். நூற்றுக்கு 60 அவர், 40 நான் என்று முடித்தோம். ஃபீஸுக்கும் அதே, மாதச் செலவுக்கும் அதே, லேப்டாப் மாதிரி ஒருமுறைச் செலவுக்கும் அதே. சமமாகப் பிரிப்பதுதான் நியாயம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சம்பளம் சமமாக இருந்தால் நியாயம்தான்.

பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் பற்றிப் பேசும்போதுதான் ஒரு பெரிய தவறைச் செய்யவிருந்தோம். கடன் கிடைத்தால் மீதி ஃபீஸை மட்டும் நாம் பிரித்துக்கொள்ளலாம் என்று இருவரும் வேகமாகச் சொல்லிவிட்டோம். மகள்தான் கேட்டாள், "அது நான் கட்டணும் இல்ல?" உண்மை. அந்தக் கடன் அவள் பெயரில் இருக்கும், வேலைக்குப் போன பிறகு அவள் தலையில் இருக்கும். கடனை எண்ணி அம்மாவும் அப்பாவும் தங்கள் பங்கைக் குறைத்துக்கொண்டால், அந்தக் குறைவைப் பிள்ளைதான் கட்டுகிறது. கடன் எடுத்தோம், வேறு வழியில்லை. ஆனால் அவள் படித்து முடித்ததும் முதல் இரண்டு வருடத் தவணையை நாங்கள் 60க்கு 40 கட்டுவோம் என்று எழுதினோம். கடன் போக ஒரு செமஸ்டருக்கு 4,500 வெள்ளி. அவர் 2,700, நான் 1,800. கடனுக்கு விண்ணப்பிக்க எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும், பெற்றோர் வருமான விவரமும் வேண்டும். பிரிந்திருப்பவர்கள் பே ஸ்லிப்பைக் கொடுக்க யோசிப்பார்கள், அதனால் இந்தப் பேச்சை விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே முடித்து வையுங்கள்.

உதவித்தொகைக்கும் அதே மாதிரி ஒரு வரி எழுதினோம். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் போன்ற இடங்களில் கல்வி உதவி தருகிறார்கள், சங்கங்களும் கோயில்களும் தருகின்றன. அப்படி எது வந்தாலும் இருவர் பங்கிலும் அதே விகிதத்தில் கழியும். அலைந்து திரிந்து விண்ணப்பம் போட்டவர் ஒருவர், பங்கு குறைந்தது இன்னொருவருக்கு என்று ஆகிவிட்டால் அடுத்த முறை யாரும் அலைய மாட்டார்கள்.

அவருடைய பங்குக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்தார். பிள்ளையின் டிப்ளோமா, டிகிரி ஃபீஸுக்கு நம் இபிஎஃப்பிலிருந்து எடுக்க வழி இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து கணக்கை மூன்றாகப் பிரித்த பிறகு, கல்விக்கு எடுப்பது அவற்றில் செஜாத்தெரா என்ற கணக்கிலிருந்து. விவாகரத்து ஆனால் என்ன, இரண்டு பேரும் அவரவர் கணக்கிலிருந்து எடுக்கலாம். நான் தொடவில்லை, என் கணக்கில் இருப்பதே குறைவு, எனக்கு 50 நெருங்குகிறது. பிள்ளைக்காக எல்லாவற்றையும் வழித்துக் கொடுத்துவிட்டு, பிற்பாடு அதே பிள்ளையின் கையைப் பார்த்து நிற்பதை நான் விரும்பவில்லை.

வருமான வரியில் டிப்ளோமா முதல் முழுநேரமாகப் படிக்கும் பிள்ளைக்கு 8,000 வெள்ளி கழிவு உண்டு. இருவரும் செலவு செய்கிறோம் என்றால் ஆளுக்குப் பாதி. படிவத்தில் 50 விழுக்காட்டுக்குத் தனிக் கட்டமே இருக்கிறது. முதல் வருடம் இதைப் பேசாமல் விட்டோம், இரண்டு பேரும் முழுதாகப் போட்டுவிட்டு அப்புறம் திருத்த வேண்டியதாயிற்று.

தங்குமிடம்தான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்த பேச்சு. "ஹாஸ்டல் எதுக்கு, கிள்ளான் கிட்டதானே, நம்ம வீட்டுல இருக்கட்டும். வாடகை, சாப்பாடு மிச்சம்" என்றார். அவர் மனதில் கள்ளம் இல்லை. என் தொண்டை வரை ஒரு வார்த்தை வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால் நான் மறுப்பது காசுக்காகவா, அந்த வீட்டில் என் பிள்ளை இருப்பதற்காகவா என்று எனக்கே தெரியவில்லை. மகளே சொன்னாள், வார நாளில் ஹாஸ்டல், சனி ஞாயிறு முடிந்தபோது அப்பா வீடு, செமஸ்டர் லீவில் பட்டர்வொர்த். சரி என்றோம். அங்கே தங்குகிற நாளுக்காக மாதப் பணத்தில் பிடித்தம் செய்வதில்லை என்று எழுதியும் வைத்தோம். அப்பா வீட்டில் சாப்பிடும் சோற்றுக்கு விலை போட்டால் பிள்ளை அங்கே போகவே யோசிக்கும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபீஸ் எங்கள் கணக்குகளுக்குள் சுற்றாமல் நேராகக் காலேஜுக்கு, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால். மாதப் பணம் மகளின் வங்கிக் கணக்குக்கு, ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதிக்குள். ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எழுதும் கட்டணம் ஒருமுறை எங்கள் செலவு. படிப்பையே மாற்ற நினைத்தால் மூன்று பேரும் உட்கார்ந்து பேச வேண்டும். அவள் பகுதிநேர வேலை செய்து சம்பாதித்தால் அது அவளுடையது. யாருக்காவது வேலை போனால் ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. எதுவரை என்ற இடத்தில் நான் "டிப்ளோமா முடியும் வரை" என்று எழுதியிருந்தேன். லாயர் அதை அடித்து, "டிப்ளோமாவும் அதைத் தொடரும் முதல் டிகிரியும்" என்று மாற்றினார். மகளின் அப்பா கிள்ளானில் யோசித்துப் பார்த்து, நான்கு நாள் கழித்துச் சம்மதம் சொன்னார்.

இதை நீதிமன்றத்தில் இணக்க உத்தரவாகப் பதிந்தோம். "நம்பிக்கை இல்லையா?" என்று அவர் கேட்டார். "உங்களுக்கோ எனக்கோ ஏதாவது ஆச்சுன்னா?" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. உத்தரவாக இருந்தால் பாக்கி விழுந்தால் கேட்க வழி இருக்கிறது, தேவைப்பட்டால் சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லும் உத்தரவும் வாங்கலாம். ஆனால் மூன்று வருடத்துக்கு மேல் பழசான பாக்கிக்கு வழக்குப் போட முடியாது என்று லாயர் சொன்னார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வருடக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ரசீது, தேதி, தொகை இவை மட்டும்தான் அதில் போடுவது. மகள் அதில் பணம் கேட்கத் தேவையில்லை. காலேஜ் பில்லைப் படமெடுத்துப் போட்டால் போதும், யார் பங்கு எவ்வளவு என்பது ஏற்கனவே எழுதியாயிற்று. இடையில் 2024 கடைசியில் அவருக்கு இரண்டு மாதம் தடங்கல் வந்தது. குழுவில் முன்கூட்டியே சொன்னார், நான் கட்டினேன், அடுத்த செமஸ்டரில் அவர் சேர்த்துக் கட்டினார். மகள் இப்போது அப்பாவிடம் பேசும்போது பக்கத்து அறையில் எனக்குக் கேட்கும். கிளினிக்கில் பக்கவாதம் வந்த ஒரு பாட்டியை எப்படி நடக்க வைத்தாள் என்று அரை மணி நேரம் சொல்கிறாள். பேச்சில் காசு வருவதில்லை.

டிப்ளோமா கடைசி வருடத்தில் டிகிரி தொடர வேண்டும் என்றாள். எவ்வளவு ஆகும் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தபோதே குழுவில் அவருடைய மெசேஜ் வந்தது. "நோட்டுல புதுப் பக்கம் போடும்மா. சாப்பாட்டுக்கு 20ன்னு எழுது, விலை ஏறிடுச்சு."